பதினாறரை மில்லிமீட்டர்

என் மேசைக்கு எதிரே உள்ள அலமாரியின் மேல் அடுக்கில் ஒரு பிளாஸ்டர் பல் அச்சு இருக்கிறது. மேல்தாடை மட்டும். பல் தொழில்நுட்பப் படிப்பின் முதலாண்டில் பயிற்சிக்காக நான் எடுத்தது. அதில் குறைகள் நான்கு. கலவையைச் சரியாகத் தட்டாமல் ஊற்றியதால் கடைவாய்ப் பக்கம் காற்றுக் குமிழிகள். அடிப்பாகம் ஒருபுறம் சரிவு. அண்ணத்தின் மடிப்புகள் பதியவில்லை. எண் எழுத வேண்டிய இடத்தில் பெயரை எழுதிவிட்டுத் துடைத்த தடம். ஆசிரியை இருபதுக்கு ஒன்பது போட்டார். அந்த அச்சில் முன்வரிசையின் நடுப்பல் இரண்டில் இடதுபக்கப் பல் இல்லை. வலதுபக்கப் பல் இருக்கிறது. லேசாகத் திரும்பி, ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்து, மற்றபடி எந்தக் குறையும் இல்லாமல் நிற்கிற பல். அந்த ஒரு பல்லுக்காகத்தான் இதை நான் வைத்திருக்கிறேன்.

எங்கள் லேபில் வேலை முடிந்து ஓராண்டு ஆன அச்சுகளைச் சாக்கில் கட்டி வெளியே அனுப்பிவிடுவோம். புதுக்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இருக்கிறது எங்கள் லேப். நானும் இன்னொரு பெண்ணும் வேலை செய்கிறோம். கீழே டாக்டரம்மா அளவெடுத்து அனுப்புவார், நாங்கள் பல் செய்து இறக்குவோம். இடம் சிறியது, பழையதைச் சேர்த்துவைத்தால் நிற்க இடமிருக்காது. விதியை எழுதி ஒட்டியதே நான்தான். அதை மீறி நான் காப்பாற்றி வைத்திருப்பவை மொத்தம் எட்டு. எட்டும் ஒரே ஆளுடைய வாய். என் மாமாவுடையது.

மாமா, அம்மாவின் தம்பி. ஆவூர்ப் பக்கம் ஒரு கிராமம். குடும்பத்தில் எல்லோரும் ஆசிரியர்கள். மாமாவும் ஆசிரியர் ஆவார் என்று நினைத்தார்கள். அவரோ மாதா கோயில் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரிக்கு நடுவே மேடையேறிச் சிரிக்க வைப்பவர் ஆனார். பாடுகிறவர்கள் தொண்டையை நனைத்துக்கொள்ளும் பத்து நிமிடம்தான் அவருக்கு. அந்தப் பத்து நிமிடத்தில், பங்குத்தந்தை பூசைக்கு நடுவில் நெற்றிக்கு ஏற்றிய மூக்குக்கண்ணாடியைத் தேடுவதையும், திருமயம் பேருந்தில் நடத்துநர் சில்லறை இல்லை என்று சொல்லும் ஏழு விதங்களையும் செய்து காட்டுவார். பங்குத்தந்தை முன்வரிசையில் உட்கார்ந்து, தன்னைத்தான் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பார்.

தவக்காலத்தில் ஊரில் ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். ஆண்டவருடைய கல்லறைக்குக் காவல் நிற்கும் சேவகர்களில் தூங்கி வழிகிறவர் மாமா. ஒரு மதியம், கோயில் மைதானத்தில் ஒத்திகை. ஈட்டியில் சாய்ந்தபடி தூங்கி விழ வேண்டிய இடத்தில் ஈட்டி சறுக்கியது. ஈட்டி என்றால் மூங்கில் கழி, நுனியில் தகரம். எனக்கு அப்போது பத்து வயது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கழி வாயில் மோதி மாமாவின் இடது முன்பல் ஈறோடு முறிந்து போனது. நாடகத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. பல் இல்லாமலே நடித்தார். சேவகன் வாயைத் திறக்கும்போதெல்லாம் விசில் வந்தது. அந்த வருடம் ஆண்டவர் உயிர்த்ததைவிடச் சேவகன் பேசியதற்குத்தான் கைதட்டல் அதிகம் என்று பங்குத்தந்தை அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே குறைப்பட்டுக்கொண்டார். மாமா பல்லைக் கட்டிக்கொள்ளவில்லை.

பிறகு திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்புக்கு உள்ளூர் ஆட்கள் தேவைப்பட்டார்கள். மாமா போனார். கதாநாயகனிடம் அறை வாங்கி, விசிலோடு ஒரு வரி பேச வேண்டும். அந்த ஒரு வரி அவரைச் சென்னைக்குக் கொண்டுபோனது. அதன்பின் இருபத்து மூன்று படங்கள். நான் பட்டியல் வைத்திருக்கிறேன். பதினெட்டில் அறை வாங்கினார். மூன்றில் சாணியில் விழுந்தார். ஒன்றில் நாய் துரத்தியது. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன். ஊரில் அவர் பெயர் மறைந்து 'விசிலண்ணன்' ஆனது. பேருந்தில் ஏறினால் யாராவது "அண்ணே, ஒரு தடவை அடிங்கண்ணே" என்பார்கள். அடிப்பார். சாவு வீட்டு வாசலில்கூடக் கேட்டார்கள், அங்கும் மெதுவாக அடித்தார். பல் போன கதையை ஒவ்வொரு பேட்டியிலும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்: மஞ்சுவிரட்டுக் காளை முட்டியது, சோடா மூடியைக் கடித்துத் திறந்தது, அத்தை வீசிய பூரிக்கட்டை. எல்லாக் கதையிலும் ஒன்று மட்டும் மாறாது. இரண்டு பல்லும் ஒரே நேரத்தில் போயிருக்கும்.

அவர் முதன்முதலில் என் லேபுக்கு வந்தது ஆறு வருடங்களுக்கு முன்பு. படியேறி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். படப்பிடிப்பில் எடுத்தது. மாமா வாய் திறந்து யாரையோ கூப்பிடுகிறார்.

"தாயி, இந்த ஓட்டை சின்னதாயிட்டே வருது."

"என்ன மாமா சொல்றீங்க?"

"சத்தம் மாறுது. முன்ன மாதிரி வரலை. பக்கத்துப் பல்லு ரெண்டும் உள்ள சாயுது போல. இது இந்தப் போட்டோவுல இருக்கிற மாதிரியே நிக்கணும். அதுக்கு ஏதாச்சும் செஞ்சு குடு."

"பல்லு கட்டிக்கங்க. அதுதான் வழி."

"பல்லு கட்ட வந்தா நான் ஏன் இம்புட்டு வெவரம் சொல்றேன்? ஓட்டையைக் கட்டணும் தாயி."

லேபில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். மாமா அவளைப் பார்த்து ஒரு விசில் அடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். முகத்தில் வேடிக்கை இல்லை.

அப்போதுதான் என் பட்டியலில் மிச்சமிருக்கும் அந்த ஒரு படத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு புது இயக்குநர். மாமாவுக்கு அதில் தகப்பன் வேடம். அறை இல்லை, சாணி இல்லை. விபத்தில் மகனைப் பறிகொடுத்தவர், ஆஸ்பத்திரி ஜன்னலில் மகனுடைய செருப்பை வாங்கிக்கொள்ள வரிசையில் நிற்கிறார். அதுதான் படத்தின் முக்கியமான காட்சி. அதையும் சேர்த்து நான்கு நாள் வேலை மிச்சம் இருக்கும்போது தயாரிப்பாளருக்கு ஏதோ சிக்கல் வந்து படம் நின்றுவிட்டது. இயக்குநர் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எப்ப வேணா கூப்பிடுவேன். அதுவரைக்கும் பல்லுல மட்டும் கை வச்சுராதீங்க" என்று சொல்லியிருக்கிறார். சினிமாவில் இதற்குக் கன்டினியூட்டி என்று பெயர். நேற்று எடுத்த முகமும் நாளை எடுக்கும் முகமும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் எத்தனை வருடம் போனாலும் படத்தில் அது ஒரு கதவைத் திறந்து மூடும் நேரம்தான்.

"அதுல நான் பேசுறது ஒரே வரி," என்றார் மாமா. ஸ்டூலிலிருந்து எழுந்தார். மேசை விளிம்பை ஜன்னல் கம்பியாக நினைத்துப் பிடித்துக்கொண்டார். யாரோ உள்ளேயிருந்து எதையோ நீட்டுகிறார்கள். வாங்கினார். ஒரு செருப்பு. இன்னொன்றுக்காகக் கையை நீட்டியபடியே நின்றார். நீட்டிய கை இறங்கவில்லை. "கையெழுத்து எங்கங்க போடணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தப் பெண் அச்சைத் தேய்க்கும் டிரிம்மரை நிறுத்திவிட்டாள். தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விசில் வந்தது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் காதில் விழவில்லை.

நான் ஒப்புக்கொண்டேன். கீழே டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். இடதுபுறம் முறிந்த பல்லின் வேர் ஈறுக்குள்ளேயே இருந்தது, அதைச் சுற்றிச் சீழ். எடுத்துவிட்டால் தேவலை என்றார். எடுத்தால் ஈறு உள்வாங்கிவிடும், முகம் மாறிவிடும் என்று மாமா மறுத்தார். வலதுபுறம் வேரே இல்லை. "இது உடைஞ்ச பல்லு இல்லை, முழுசா எடுத்திருக்காங்க" என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார்.

அன்று மாலை என் பெட்டியிலிருந்து முதலாண்டு அச்சைத் தேடி எடுத்தேன். படிக்கும்போது வீட்டு ஆட்களைப் பிடித்து அளவெடுப்பது வழக்கம். மாமா சினிமாவுக்குப் போவதற்கு முந்தைய வருடம் அது. வலது பல் அதில் நன்றாகவே நின்றது. அடுத்த முறை மாமா வந்தபோது அதை மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தார்.

"இத ஏன் தாயி வச்சிருக்க?"

"ஒன்பது மார்க் வாங்கினது மாமா."

அச்சைக் கையில் வைத்தபடியே சொன்னார். முதல் படம் முடிந்ததும் அடுத்த படத்துக்கு டெஸ்ட் எடுத்தார்களாம். ஒரு பல் இல்லாதது கேமராவில் நிழல் மாதிரி விழுகிறது, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை என்றார்களாம். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. "ரெண்டா இருந்தா நல்லாருக்கும்" என்று மட்டும் யாரோ சொன்னார்கள். மறுநாள் காலையில் மாமா வடபழனியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்து, வலிக்கிறது என்று பொய் சொல்லி, நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

"அந்த டாக்டரு நல்லாத்தான இருக்குன்னாரு. நான் வலிக்குது வலிக்குதுன்னு அழுதேன். நல்லா நடிச்சேன் தாயி. அன்னைக்கித்தான் மொதமொதல்ல நான் அழுது ஒருத்தரு நம்புனாரு."

அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே வச்சுக்க," என்று அச்சைத் திரும்ப என் கையில் கொடுத்தார்.

புகைப்படத்தில் கோரைப்பல்லின் அகலத்தைக் கொண்டு கணக்கிட்டேன். படம் நின்றபோது இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர். என்னிடம் வந்தபோது பதினைந்து. டாக்டரம்மா சொன்னபடி, நடுவில் சிறு திருகு வைத்து, அண்ணத்தில் படிகிற ஒரு தட்டு செய்தேன். வாரம் ஒருமுறை திருகைக் கால் சுற்று திருப்ப வேண்டும். நான்கு மாதத்தில் பக்கத்துப் பற்கள் பழைய இடத்துக்குப் போயின. பிறகு திருகு இல்லாத தட்டு. வருடத்துக்கு ஓர் அச்சு, வருடத்துக்கு ஒரு தட்டு. ஒவ்வோர் அச்சின் அடியிலும் அளவைப் பென்சிலில் எழுதினேன்: பதினாறரை, பதினாறரை, பதினாறரை. என் தொழிலில் இதைவிடத் துல்லியமாக வேறு எதையும் நான் செய்ததில்லை. ஒன்றும் இல்லாத ஓர் இடத்தை ஆறு வருடம் இம்மி பிசகாமல் வைத்திருந்தேன்.

இரண்டாவது வருடம் அவர் கேட்காமலே இன்னொரு தட்டும் செய்தேன், பல்லோடு. வலது பல்லைப் பழைய அச்சைப் பார்த்தே வடித்தேன், அந்தத் திருப்பமும் சில்லும் அப்படியே. வேண்டும்போது போட்டுக் கழற்றலாம், இடத்தையும் அது காக்கும் என்று விளக்கினேன். மாமா வாங்கிக்கொண்டார், வீட்டுக்குள் மட்டும்தான் போடுவேன் என்றார். "வெளிய எவனாச்சும் போன்ல எடுத்துப் போட்டுட்டான்னா? விசிலண்ணன் பல்லு கட்டிட்டாருன்னு அங்கிட்டு டைரக்டருக்கு சேதி போயிரும்."

ஒரு ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருக்கதவு தாழிட்டிருந்தது. ஜன்னலுக்குத் திரை. மாமா பல்லைப் போட்டுக்கொண்டு வெள்ளரிப்பிஞ்சை முன்பல்லால் கடித்தார். அந்தச் சத்தம் கேட்டு அத்தை அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றார்.

"இன்னொரு தடவை கடிங்க," என்றார்.

மாமா கடித்தார். அத்தை சிரித்தார். "கோயில்ல மோதிரம் மாத்துறப்ப இருந்த மூஞ்சி இதுதான்டி," என்று என்னிடம் சொன்னார். அந்த நேரம் வாசலில் பைக் சத்தம். "விசிலண்ணே! இருக்கீங்களா? ஒரு செல்ஃபிண்ணே!" மாமா சுவர்ப் பக்கம் திரும்பினார். தட்டைக் கழற்றி, அருகிலிருந்த டம்ளரில் போட்டு, அதை ஒரு தட்டத்தால் மூடினார். கதவைத் திறந்துகொண்டு போனார். வெளியே விசில் கேட்டது, சிரிப்புக் கேட்டது. அத்தை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் வாசக்கதவு தொறந்திருக்கு," என்றார். "எம்புருசன் பல்லு போட தாழ்ப்பாப் போட வேண்டியிருக்கு."

மாமா திரும்பி வந்து கையைக் கழுவினார். மிச்ச வெள்ளரிப்பிஞ்சை அவர் தொடவில்லை.

தன் கல்யாணத்துக்குப் பல்லோடு நிற்க வேண்டும் என்று மாமாவின் மகள் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரோ விசிலண்ணன் சம்பந்தி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தக் கல்யாண ஆல்பத்தின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. மாமா இருக்கும் படங்கள் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அன்று உள்ளே பல் இருந்ததா இல்லையா என்பது எனக்கே தெரியாது.

இதற்கிடையில் வேறு படங்கள் குறைந்தன. ஓட்டைப்பல் சிரிப்புக்குப் பதிலாக வேறு சிரிப்புகள் வந்துவிட்டன. மாதம் ஒருமுறை இயக்குநருக்குப் போன் செய்வார். "இருங்கண்ணே, கூப்பிடுறேன்" என்று பதில் வரும். ஈறு வீங்கும், மாத்திரை போடுவார், வற்றும், மறுபடி வீங்கும். பக்கத்துப் பல் ஆட ஆரம்பித்தது. இன்னும் ஒரு வருடம் இப்படியே விட்டால் கட்டுவதற்கு அடியில் எலும்பே இருக்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நின்றுபோன அந்தப் படம் இந்த வருடம் மார்ச் மாதம் வந்துவிட்டது. தியேட்டரில் இல்லை, போனில் பார்க்கிற செயலி ஒன்றில். யாரும் மாமாவைக் கூப்பிடவில்லை. மருமகன்தான் பார்த்துவிட்டுச் சொன்னார். அடுத்த நாள் பத்து மணிக்கு மாமா லேபுக்கு வந்து, "நீ போட்டுக் காட்டு தாயி, வீட்ல பாக்க ஒரு மாதிரியா இருக்கு" என்றார். என் போனை பிளாஸ்டர் டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

ஆஸ்பத்திரிக் காட்சி இருந்தது. வரிசையில் ஒருவர் நிற்கிறார். மாமாவின் சட்டை, மாமாவின் தலைமுடி வெட்டு. ஆனால் மாமா இல்லை. வேறு யாரையோ நிற்க வைத்து, காட்சி முழுவதையும் முதுகுப் பக்கமிருந்தே எடுத்திருந்தார்கள். இரண்டு செருப்பையும் ஒன்றாகவே கொடுத்துவிட்டார்கள். வேறு ஒரு குரல், "கையெழுத்து எங்கங்க போடணும்?" என்று கேட்டது. நன்றாகவே கேட்டது.

மாமா முடியும்வரை பார்த்தார். எழுத்து ஓடும்போது தன் பெயரைத் தேடினார், இருந்தது. போனை என்னிடம் தந்தார்.

"முதுகுக்குப் பல்லு எதுக்கு தாயி?" என்றார்.

லேபில் யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை எதிர்பார்ப்பவர் போலச் சிறிது நேரம் நின்றுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அத்தைதான் அடுத்த வாரமே நாள் குறித்தார். "பீடை விட்டுச்சு. இனியாச்சும் கட்டித் தொலைங்க" என்று இழுத்துக்கொண்டு வந்தார். முறை என்னவென்றால், வேரை எடுத்து ஆறவிட்டு, பக்கத்துப் பற்களைச் சுற்றிலும் அரைத்து, புதுப் பல் இரண்டோடு நான்கையும் சேர்த்து நிரந்தரமாக ஒட்டுவது. ஆடுகிற பல்லுக்கும் அதுவே பிடிப்பு. பல் எப்படி இருக்கும் என்று காட்ட, ஓர் அச்சின்மேல் தந்த நிற மெழுகில் இரண்டு பல் வடித்து வைத்தேன். திருப்பமும் சில்லும் இருந்தன. மாமா நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். வேரை எடுத்தார்கள், பஞ்சைக் கடித்துக்கொண்டு போனார். ஏழு வாரம் கழித்து அரைப்பதற்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். நானும் கீழே போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அரைச்சிட்டா பழையபடி ஆக்க முடியாதுங்க. சம்மதம்தானே?" என்று டாக்டரம்மா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

மாமா கையைத் தூக்கினார். "ரெண்டு நிமிசம் டாக்டரம்மா." எழுந்தார். கழுத்தில் கட்டிய துணியோடு மாடிப்படிக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"தாயி, கட்டிட்டா கழட்ட முடியாதுல்ல?"

"முடியாது மாமா."

"கூப்பிட்டாகன்னா மொதல்ல பல்லு அப்படியே இருக்கான்னுதான் கேப்பாக. நான் என்னன்னு சொல்றது?"

"யாரு மாமா கூப்பிட்டது?"

"இன்னும் கூப்பிடலை."

உள்ளே நாற்காலியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ பழைய அளவுலயே ஒரு தட்டு செஞ்சிரு," என்றார் மாமா. "அடுத்த மாசம் வந்து இதப் பாத்துக்கலாம்."

செய்து கொடுத்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆறு வருடம் அந்த இடத்தைத் திறந்து வைத்த கை என்னுடையது. மூடும் நேரம் வந்ததும், இனி திறந்து வைக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேர் போனதில் ஈறு கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. இடைவெளி பதினாறரை.

இப்போது அலமாரியின் மேல் அடுக்கில் எட்டு அச்சுகள். முதலாவதில் அந்த வலது பல் பிளாஸ்டரில் நிற்கிறது. மற்ற ஏழிலும் இல்லை. அந்த ஏழில் ஒன்றின்மேல் மெழுகுப் பல் இரண்டும் இன்னும் இருக்கின்றன. இந்த ஊர் வெயிலுக்கு மெழுகு தாங்காது. மதியத்துக்குள் இளகி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடுகின்றன. மாமா ஒவ்வொரு வாரமும் போனில், "வர்ற வாரம் வாரேன் தாயி" என்கிறார். காலையில் வந்ததும் நான் செய்யும் வேலைகள் மூன்று. ஜன்னலைத் திறப்பது. டிரிம்மருக்குத் தண்ணீர் விடுவது. பழைய அச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, கத்தியைச் சூடுகாட்டி, அந்த இரண்டு பல்லையும் நிமிர்த்தி வைப்பது.